வலது பின்சக்கரத்திலிருந்து

இரவு பத்தரை. பீத்தே ஆற்றின் மேல்
வெயில் இன்னும் படுக்கப் போகவில்லை.
கராஜ் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்,
கொசுக்களுக்கும் சேர்த்து.

ஒயர் வேலை எனக்குத் தனியாகவே முடிந்தது.
ஃபியூஸ் பெட்டியிலிருந்து சிவப்பு ஒயர்,
கியர் லிவரின் தலையில் ஒரு பொத்தான்,
அங்கிருந்து சோலனாய்டுக்கு.
கறுப்பு ஒயரை எர்த் செய்ய
இரும்பு தெரியும்வரை பெயின்ட்டைச் சுரண்டினேன்.
பொத்தானை அமுக்கினால் டக் என்றது,
சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்கிற ஆள் மாதிரி.

ஆனால் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும்.
என் கை சக்கரத்தடியில் இருக்கும்போது
என் கால் பெடலில் இருக்க முடியாது.
லைன் லாக் வந்த பெட்டியின் மேல்
இதை யாரும் அச்சடிக்கவில்லை.

ஹோகனின் படகு மோட்டாரை எடுத்துப்போக
மிர்யா வந்தது அந்த நேரத்தில்தான்.
ஹோகன் வரமாட்டான். அனுப்புவான்.
என்னையும் ஒருமுறை அனுப்பியிருக்கிறான்,
எனக்கு முந்தையவள் வீட்டுக்கு,
ஒரு ஏணிக்காக.

"உனக்குக் கால் இருக்கா?" என்றேன்.
எட்டு மாதத்தில் அவளிடம் நான் பேசிய
முதல் வாக்கியம் அது.
மரச்செருப்பைக் கழற்றிச்
சிமெண்ட்டில் ஜோடியாக வைத்துவிட்டு
ஏறி உட்கார்ந்தாள்.

வலது பின்சக்கரம். அதுதான் தூரம்.
தூரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.
மல்லாந்து கிடக்கிறேன்.
அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்கு.
"மிதி."
"மிதிச்சாச்சு."
"விடாதே."
நட்டைக் கால் சுற்றுத் திறக்கிறேன்.
கண்ணாடிக் குழாயில் தேன் நிறத்தில் ஆயில்,
நடுநடுவே காற்று, கடுகு கடுகாக.
மூடுகிறேன்.
"இப்போ விடு."

இடது பின். வலது முன்.
நடுவில் ஒருதரம் விடு என்பதற்குப் பதில்
விடாதே என்று சொல்லிவிட்டேன்.
அவள் விடவில்லை.
தொடை நடுங்குவது
ஸ்பேனர்வரை வந்தது.

நாலு சக்கரமும் முடிந்த பிறகு
"இது இறங்குது," என்றாள்.
"மெதுவா. நான் மிதிக்காமலேயே."
நான் நம்பவில்லை. டார்ச்சுடன் குழாய்குழாயாகத் துடைத்தேன்.
சோலனாய்டின் கீழ் நட்டில் ஒரு துளி.
விரலால் எடுத்தேன். இன்னொன்று.
குழாய் முனையைக் கோணலாக விரித்திருக்கிறேன்,
நானே, போன ஞாயிறு, கோபத்தில்.
அவள் கால் சொல்லாவிட்டால்
ஊருக்குள் முதல் சிவப்பு விளக்கு சொல்லியிருக்கும்.

வெட்டி, மறுபடி விரித்து, முறுக்கி,
மறுபடி வலது பின்சக்கரத்திலிருந்து.

இந்தச் சுற்றில் அவளாகவே பேசினாள்.
ஹோகன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான் என்றாள்.
"தெரியும்," என்றேன்.
"மிதி."

ஒரு மணிக்குப் பெடல் கல்லாக நின்றது.
சரிவான வாசலில் பிளைமவுத்தை இறக்கி
நியூட்ரலில் வைத்தோம்.
மிதித்தாள், பொத்தானை அமுக்கினாள்,
காலை எடுத்தாள்.
பச்சை விளக்கு. ஒன்றரை டன் அசையவில்லை.
முன்னால் இரண்டும் பிடித்து நிற்க
பின்னால் இரண்டும் சுழன்று புகைவது
சனிக்கிழமை, பந்தயத் தடத்தில்.
இப்போது பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது.

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?"
"ரொம்ப வைக்காதே. சோலனாய்டு சுடும்."
இன்னும் கொஞ்சம் வைத்திருந்தாள்.

மட்கார்டின் மேல் நான் வைத்த ஆயில் பாட்டிலுக்கு அடியில்
வட்டமாக ஓர் ஈரம்.
பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும்.
அந்த ஊதாவை ஹோகன்தான் தேர்ந்தெடுத்தான்,
மூன்று கடை ஏறி இறங்கி.
மிர்யா குனிந்து பார்த்தாள்.
"தண்ணி எங்கே?"

"இருக்கு," என்றேன்.
"முதல்ல காபி குடி.
படகு மோட்டார் எங்கேயும் ஓடிப்போயிடாது."